நார் அறுந்த இடம்

மலைமேல் ஒரு காப்பித் தோட்டம். அதற்குள் போகும் டிராக்டர் பாதையில் இரண்டு பெண்கள் தினமும் காலையில் ஓடினார்கள். ஒருத்திக்குக் கண் தெரியாது. மற்றவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். கூட ஓடத்தான் தெரியவில்லை.

கண் தெரியாதவள் தவச்செல்வி. வயது இருபத்தெட்டு. ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் பார்க்கிறாள். பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறாள். கூட ஓடுகிறவள் எமல்டா. நாற்பது வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு சாண் நீளத்தில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒரு வளையம் இவள் கையில், இன்னொன்று அவள் கையில். அப்படித்தான் ஓடுவார்கள்.

யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வரும். வயதில் மூத்தவள் எமல்டா. விசில் ஊதிச் சம்பளம் வாங்குகிறவளும் அவள்தான். ஆனால் தவச்செல்வி அவளுக்கு முன்னால் நாலு பேரைக் கூட ஓடப் பழக்கியவள். அந்தப் பாதையில் அவள் சொன்னதுதான் சட்டம்.

இந்த ஓட்டத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. கூட ஓடுகிறவர் கயிற்றை இழுக்கக் கூடாது. முடிவுக்கோட்டை ஓட்டக்காரிக்கு முன்னால் தாண்டக் கூடாது.

போன மாதம் கீழே சமவெளியில் நடந்த போட்டியில் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். பின்னால் வந்தவள் பத்து மீட்டருக்கு அப்பால் இருந்தாள். எமல்டா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஜெயிச்சிட்டோம் தவம்!" என்று கத்தினாள். அதற்குள் நடுவர் வந்து, டீச்சருடைய நெஞ்சுதான் முதலில் கோட்டைத் தாண்டியது, கயிறு விறைத்து இருந்தது, இந்த ஓட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

தவச்செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு, "பசிக்குது அக்கா, தோசை சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எமல்டா அன்று ராத்திரி தூங்கியிருப்பாள்.

இன்னும் ஒரே ஒரு தேர்வு ஓட்டம் பாக்கி இருந்தது. பதினோரு நாளில். அதில் யாரோடு ஓடப் போகிறாள் என்று தவச்செல்வி இந்தக் கதை நடக்கும் நாளில் காலை பத்து மணிக்குள் விளையாட்டுச் சங்கச் செயலாளரிடம் பெயர் சொல்லியாக வேண்டும். சேலத்தில் விண்ணரசி என்று ஒரு போலீஸ்காரி இருக்கிறாள். இருபத்து நாலு வயது. நான் கூட ஓடுகிறேன் என்று அவளாகவே வந்து கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் எமல்டாவுக்குத் தெரியும். இருபத்தோரு வயதில் கல்யாணம் ஆனபோது காலணியைக் கழற்றி வைத்தவள் அவள். பத்தொன்பது வருஷம் கழித்து இந்தக் கயிறு கையில் வந்த பிறகுதான் மறுபடி ஓட்டக்காரி ஆனாள். அது கையை விட்டுப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

மார்கழிக் குளிர். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் நடுவே பனி தொங்கிக்கொண்டிருந்தது. மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அன்றைக்கு வேகப் பயிற்சி. பழம் எடை போடும் கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நானூறு மீட்டர். பாய்ந்து ஓட வேண்டும். மெல்ல ஓடித் திரும்பி வர வேண்டும். மறுபடி பாய வேண்டும். ஆறு தடவை.

எமல்டா குனிந்து காலணியைக் கட்டினாள். நிமிர்ந்தாள். ராத்திரி முழுக்க நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"தவம், நான் எங்கே தப்புப் பண்றேன்?"

தவச்செல்வி கை விரல்களை வாயருகே வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

"கயிறு எங்கேக்கா?"

"கையில இருக்கு."

"பையில வையுங்க."

"அப்புறம் எதைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறது?"

"கொட்டகையைத் தாண்டிப் பாதையோரம் வாழை நிக்குதுல்ல? காய்ஞ்ச பட்டையில ஒரு நார் கிழிச்சிட்டு வாங்க."

"நாரா? பூ கட்டுற நாரா?"

"அதேதான்."

எமல்டா போய் ஒரு நார் கிழித்து வந்தாள். பழைய நூலைப்போல மெலிசாக இருந்தது. ஒரு முனையைத் தவச்செல்வி தன் விரலில் சுற்றிக்கொண்டாள். மறு முனையை எமல்டா சுற்றிக்கொண்டாள்.

"அறுந்தா நான் நின்னுடுவேன். முடிச்சுப் போட்டு, நின்ன இடத்திலிருந்து மறுபடி ஓடுவோம். சரியா?"

"இது தாங்காது தவம்."

"தாங்கலைன்னா தெரிஞ்சிடும்ல."

எமல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். கடிகாரத்தை அழுத்தினாள். இருவரும் கிளம்பினார்கள்.

பத்தாவது அடியில் நார் அறுந்தது.

தவச்செல்வி நின்றாள். எமல்டா நாலடி முன்னால் போய் நின்றாள். முடிச்சுப் போட்டார்கள். மறுபடி பன்னிரண்டு அடி. மறுபடி அறுந்தது. தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது முடிச்சு. நாரில் பாதி முடிச்சாகவே இருந்தது.

வரிசை வரிசையாகப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பெருமாயி என்றொரு அம்மாள், இடுப்பில் பழக்கூடை கட்டியவள், சும்மா இருப்பாளா?

"ஏன் டீச்சரம்மா, ஓடுறீங்களா, பூ கட்டுறீங்களா?"

"வேலையைப் பாருங்க பெருமாயி."

"வேலையைத்தான் பாக்குறேன். உங்க வேலைதான் ரொம்ப நல்லா இருக்கு!"

செடிகளுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தவச்செல்வியும் சிரித்துவிட்டாள். எமல்டாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

திரும்பி வந்ததும் எமல்டா வேறொரு நார் கொண்டுவரப் போனாள். போனவளைச் சற்று நேரம் காணோம். கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து ஏதோ பண்ணிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வந்து, ஒரு முனையைத் தவச்செல்வியின் கையில் கொடுத்தாள்.

தவச்செல்வி அதை விரல்களுக்கிடையில் உருட்டினாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பொறுமையாக உருட்டிப் பார்த்தாள்.

"அக்கா."

"ம்."

"மூணு பிரி போட்டு முறுக்கியிருக்கீங்க."

எமல்டா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"தண்ணியில வேற நனைச்சிருக்கீங்க. இதுல மாட்டையே கட்டலாம்."

"குளிருக்கு விரல் விறைச்சுப் போச்சு தவம். ஒத்தைப் பிரி கையில நிக்க மாட்டேங்குது."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"நீங்க பரீட்சை ஹாலுக்குப் போறப்ப பிள்ளைங்க இப்படித்தான் சாக்கு சொல்லுமா?"

எமல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த முறுக்கைப் பிரித்தாள். இரண்டு பிரியைக் கீழே போட்டாள். ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

இரண்டாவது ஓட்டத்தில் அது ஆறு இடத்தில் அறுந்தது.

மூன்றாவதில் எமல்டா ஒரு வழி கண்டுபிடித்தாள். நாரை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவது. அது தொய்வாக இருக்கிறதா, தொய்வாகவே இருக்கட்டும். தவச்செல்வியின் கை எங்கே போகிறதோ அங்கே தன் கை. காலைக் கொஞ்சம் அடக்கினாள். இன்னும் கொஞ்சம் அடக்கினாள். வாழை போயிற்று. இடது வளைவு போயிற்று. பலாமரம் போயிற்று. தொட்டியின் குளிர்ந்த சிமெண்டில் தவச்செல்வியின் உள்ளங்கை பட்டது.

"அறுபடலை!" என்றாள் எமல்டா. குழந்தைபோல் துள்ளினாள். "பாத்தியா தவம், அறுபடவே இல்லை!"

"எத்தனை செகண்டு அக்கா?"

எமல்டா கடிகாரத்தைப் பார்த்தாள். துள்ளல் அடங்கியது.

"நூத்திப் பத்து."

"நம்ம எப்பவும் எவ்வளவு ஓடுவோம்?"

"எண்பத்திரண்டு."

"சாமி ஊர்வலம்கூட இதைவிடச் சீக்கிரம் வீடு சேர்ந்துடும்."

எமல்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"வேகமா ஓடினா அறுந்து போகுது. அறுபடாம ஓடினா வேகம் போயிடுது. நான் என்னதான் செய்யணும்னு சொல்லேன். நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?"

"இன்னும் மூணு ஓட்டம் இருக்கு அக்கா."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"குளிருது. நின்னா தசை பிடிச்சுக்கும். வாங்க."

நாலாவது ஓட்டத்தில் எமல்டா நாரைப் பார்க்கவில்லை. காதால் ஓடினாள். தன் காலடிச் சத்தத்தையும் பக்கத்துக் காலடிச் சத்தத்தையும் கேட்டாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே சத்தமாக வந்தபோது நார் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் ஓடியும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. வளைவில் தவச்செல்வியின் தோள் இவள் தோளில் ஒரு கணம் உரசியது. அதுவும் இடிக்கவில்லை. காலுக்குக் கீழே செம்மண் மெத்தென்று ஓடியது. பலாமரம் வந்தது.

பலாமரம் தாண்டியதும் பட்டென்று அறுந்தது.

"சே!" என்றாள் எமல்டா.

முடிச்சுப் போட்டு, மிச்சத்தை ஓடி முடித்தார்கள். ஆனாலும் அவளுக்கு வருத்தத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஒரே ஒரு முடிச்சு. ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு வந்தாயிற்று.

கொட்டகைக்குத் திரும்பி வரும்போது தவச்செல்வியின் போன் அடித்தது. இரண்டு பேருடைய போனும் எமல்டாவின் இடுப்புப் பையில்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்தாள். சங்கச் செயலாளர். குரல் வெளியே கேட்டது.

"என்னம்மா, யார் பேரு? பட்டியலை அனுப்பணும். அந்த விண்ணரசி பொண்ணு பக்கத்துலதான் நிக்குது. சரின்னு சொன்னா இப்பவே எழுதிடுறேன்."

"இன்னும் ரெண்டு ஓட்டம் பாக்கி இருக்கு சார். முடிச்சிட்டுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? போன தடவை நடந்ததை மறந்துட்டியா?"

"மறக்கலை சார். அரை மணி நேரம் குடுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். எமல்டா அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தாள்.

"கேட்டுடுச்சா அக்கா?"

"எனக்கு என்ன காது செவிடா?"

"போகலாமா?"

ஐந்தாவது ஓட்டம். எமல்டா மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அந்தச் சத்தம் வந்தது. இரண்டு பேரின் காலும் ஒரே காலாக விழுந்தது. வாழை. வளைவு. நார் தொய்ந்து ஆடியது. பலாமரம்.

பட்டென்று அறுந்தது.

அதே இடம். ஓர் அடி முன்பின் இல்லை. போன தடவை அறுந்து விழுந்த துண்டு அங்கேயே மண்ணில் கிடந்தது.

எமல்டா குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். தவச்செல்வி நின்ற இடத்தில் நின்றாள்.

"எங்கே நிக்கிறோம் அக்கா?"

"பலாமரத்துக்கிட்ட. போன தடவையும் இங்கதான் அறுந்துச்சு. இந்த இடத்துல ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. தரை சமமாத்தான் இருக்கு. மேடு இல்லை, பள்ளம் இல்லை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இங்க வந்ததும் என்ன ஆகுது?"

எமல்டா சுற்றிப் பார்த்தாள். பின்னால் வளைவு. பக்கத்தில் மரம். முன்னால், ஓடினால் அறுபது காலடியில், பனிக்கு நடுவே, தொட்டி சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

"தொட்டி தெரியுது," என்றாள்.

"யாருக்கு?"

எமல்டா தொட்டியைப் பார்த்தாள். தவச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

செடிகளுக்குள் பழம் கூடையில் விழும் சத்தம் கேட்டது.

எமல்டா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் தொட்டியைப் பாக்காம ஓடணுமா?"

"நீங்களும் பாக்காம ஓடினா ரெண்டு பேரும் போய் முட்டிக்க வேண்டியதுதான். பாக்கத்தானே அக்கா உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

எமல்டா மண்ணில் கிடந்த துண்டை எடுத்தாள். கையில் இருந்ததோடு சேர்த்துப் பார்த்தாள். அவளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருத்தர் இருந்தார். ஓடும்போது வாயைத் திறந்தால் பிரம்பை ஓங்குவார். மூச்சை வீணாக்காதே, பல்லைக் கடி, முடிவைப் பார், போ. அப்படித்தான் அவள் இன்று வரை ஓடுகிறாள். வளைவு வந்தால் 'வளைவு' என்பாள். வேர் வந்தால் 'வேர்' என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முடிவு கண்ணில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்வாள். கை மட்டும் முன்னால் போகும்.

"பாக்குறதைச் சொல்லிக்கிட்டே ஓடணும்னு நீ முதல் நாளே சொல்லியிருக்கலாமே தவம்."

"முதல் நாளே சொன்னேன் அக்கா. மூணு தடவை சொன்னேன்."

"எப்போ?"

"நீங்க 'சரி சரி, ஓடலாம் வா'ன்னு சொன்னீங்க."

எமல்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

கொட்டகைக்குத் திரும்பினார்கள். கடைசி ஓட்டம். எமல்டா புது நார் ஒன்று கிழித்து வந்தாள். தேடி எடுத்ததல்ல, கைக்கு வந்ததுதான். சுற்றிக்கொண்டார்கள். பனி கொஞ்சம் விலகி, மரத்துக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்தது. ஆனாலும் குளிர் போகவில்லை. எமல்டா கடிகாரத்தை அழுத்தினாள்.

முதல் அடியிலேயே பேச ஆரம்பித்தாள்.

"நேர் பாதை. தரை நல்லா இருக்கு. அப்படியே போ. வாழை வருது, வலது பக்கம். போயிடுச்சு. இன்னும் இருபது அடியில வளைவு. பதினைஞ்சு. பத்து. இடது. இடது. இடது. முடிஞ்சது. நேர்."

தவச்செல்வியின் தலை சற்றே நிமிர்ந்தது. எமல்டாவுக்கு அது தெரிந்தது. எப்போதும் தவச்செல்வி ஓடும்போது கன்னத்தை இறுக்கி, எதன்மேலோ மோதப் போகிறவள்போல் தோளைக் குறுக்கி ஓடுவாள். எத்தனையோ மாதமாகப் பக்கத்தில் ஓடியும் எமல்டா அதைத் தப்பாக நினைத்ததில்லை. ஓடினால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தத் தோள் இறங்கியது.

"பலாமரம் வருது. இதோ. தாண்டிட்டோம். தொட்டி தெரியுது தவம். அறுபது அடி. நேரா இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லை. ஐம்பத்தஞ்சு..."

பட்டென்று நார் அறுந்தது.

எமல்டாவின் கை பின்னால் இருந்தது. அவள் இழுக்கவில்லை. அவளுக்கு முன்னால் தவச்செல்வியின் முதுகு தெரிந்தது. அறுந்த நார் அந்தக் கையிலிருந்து பறந்துகொண்டிருந்தது.

அறுந்தால் நிற்பேன் என்று சொன்னவள் நிற்கவில்லை.

பிடிக்க ஒன்றும் இல்லாமல், கண் தெரியாமல், ஒருத்தி முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே சிமெண்டுத் தொட்டி. எட்டிப் பிடிக்க எமல்டாவால் முடியவில்லை. இவ்வளவு பேசி ஓடியதில் நெஞ்சு எரிந்தது. இருந்தது குரல் ஒன்றுதான்.

"நேரா! நேரா போ! நாப்பது! கொஞ்சம் வலது... போதும்! முப்பது! ஒண்ணும் இல்லை, போ! இருபது! மெதுவா! பத்து! நில்லு தவம், நில்லு! கையை நீட்டு!"

தவச்செல்வி கையை நீட்டினாள். நாலு அடி நடந்தாள். தொட்டியைத் தொட்டாள்.

பிறகு திரும்பி, தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பவள்போல் முகத்தைத் தூக்கிச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

செடிகளுக்குள்ளிருந்து பெருமாயி, "அடியாத்தி, தனியா வுட்டுட்டாங்களே!" என்று கத்துவது கேட்டது.

எமல்டா தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூச்சு சீராக ரொம்ப நேரம் ஆனது. அவள் தவச்செல்வியின் கையைப் பிடித்தாள்.

"எத்தனை செகண்டு அக்கா?"

எமல்டா கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்த மறந்துட்டேன்."

"பரவாயில்லை."

"உனக்குப் பயமே இல்லையா? நான் எவ்வளவு பின்னால இருந்தேன் தெரியுமா?"

"தெரியும். உங்க குரல் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன்ல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தொட்டியில் சாய்ந்து நின்றார்கள். வேர்வை ஆறிக் குளிர ஆரம்பித்தது. எமல்டா தன் மப்ளரை எடுத்துத் தவச்செல்வியின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

போன் அடித்தது.

எமல்டா பையிலிருந்து எடுத்தாள். கொடுக்கவில்லை. போன் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"தவம், நான் ஒண்ணு சொல்றேன், கேளு. விண்ணரசி பேரைச் சொல்லிடு."

தவச்செல்வி முகத்தைத் திருப்பினாள்.

"அவளுக்கு வயசு இருக்கு. பேசிக்கிட்டே ஓடினாலும் மூச்சு வாங்காது. நான் இத்தனை நாளா உன்னை வேகமா கூட்டிட்டுப் போறதா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது, நான்தான் உன்னைப் பிடிச்சு வச்சிருந்திருக்கேன். இப்ப நீ என்னைத் தாண்டிட்டே. என்னால உன் பக்கத்துல வர முடியலை. நான் கூட இருந்தா எனக்காக நீ வேகத்தைக் குறைக்கணும். அது வேண்டாம். வருத்தப்பட்டுச் சொல்லலை. சத்தியமா சந்தோஷமாத்தான் சொல்றேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. கண் தெரியாதவள்தானே என்று துடைக்காமல் விட்டாள்.

தவச்செல்வி கையை நீட்டினாள். எமல்டா போனைக் கொடுத்தாள்.

"சார், தவச்செல்வி பேசுறேன். எழுதிக்கோங்க. எமல்டா. ஆமா சார், டீச்சர்தான். நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். வச்சிடுறேன் சார்."

எமல்டா திகைத்துப் போய் நின்றாள்.

"ஏன் தவம்? நான் சொன்னது புரியலையா? பதினோரு நாள்ல என்னால உன் வேகத்துக்கு வர முடியுமா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"வர முடியலைன்னா?"

தவச்செல்வி விரலில் சுற்றியிருந்த நாரை மெதுவாக அவிழ்த்தாள். ஒரு விரல் நீளம்தான் மிச்சம் இருந்தது.

"முதல் ஓட்டத்துல இதை அறுத்தது யாரு அக்கா?"

"நான்தான்."

"ரெண்டாவதுல?"

"நான்."

"அஞ்சாவதுல?"

"நான்தான், அதுக்கு என்ன இப்போ?"

"கடைசியில அறுத்தது யாரு?"

"நீ."

"அப்போ இனிமே பழக வேண்டியது யாரு?"